அக்காவின் பாதிப் பழமொழிகள்

ஷாங்காய்
6 மார்ச் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

வென்போ எழுதுகிறேன். குளிர்காலத்து இருமல் போய்விட்டது, நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி? லியானும் மெய்யும் ஒழுங்காகப் படிக்கிறார்களா? அத்தானின் வருஷ நினைவு நாளுக்கு வர முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. விடுமுறை கிடைக்கவில்லை. மன்னித்துக்கொள்.

உன்னிடம் ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் பதிப்பகத்தில் ஒரு புத்தகம் தயாராகிறது. சீனப் பழமொழி ஒரு பக்கம், அதற்கு ஈடாக ஆங்கிலேயர்கள் சொல்வது எதிர்ப்பக்கம். மொத்தம் இரண்டாயிரம். இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது அக்கா. 'மூன்றடிப் பனிக்கட்டி ஒரு நாள் குளிரில் உறையாது' என்கிறோம் நாம். 'ரோமாபுரியை ஒரே நாளில் கட்டவில்லை' என்கிறார்கள் அவர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ ஒருவன், நம்மைக் கண்ணால்கூடப் பார்க்காதவன், நாம் நினைத்ததையே நினைத்திருக்கிறான். அப்படி ஒரு ஜோடி கிடைக்கிற அன்று மதியச் சாப்பாடுகூட மறந்துவிடுகிறது.

இங்கே மேசைக்கு மேசை படித்தவர்கள்தான். ஆனால் பாதிப் பழமொழி மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. அதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. விளக்கை எரியவிட்டுப் புத்தகத்தின் மேல் நான் தூங்கி விழுந்தால், 'குருடன் ஏத்தின மெழுகுவத்தி' என்று சொல்லி நிறுத்திவிடுவாய். 'மெழுகு தண்டம்' என்று மிச்சத்தை நானே சொல்லி என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டும். அந்த மாதிரி உன் வாயில் வருவதையெல்லாம் அப்படியே எழுதி அனுப்பு. இங்கே நான் அட்டை ஒன்றுக்கு ஒரு பழமொழியாக ஏற்றிக்கொள்வேன். இடப்பக்கம் முதல் பாதி, நடுவில் மறுபாதி, வலப்பக்கம் ஆங்கிலம். மறுபாதியை நீ எழுத வேண்டாம், அது எனக்குத் தெரியும்.

குழந்தைகளுக்கு என் அன்பு. குளிரில் துணி துவைக்காதே.

தம்பி
வென்போ

ஷிலியாங் கிராமம்
29 மார்ச் 1983

தம்பி வென்போவுக்கு,

அக்கா குய்ஷூ எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். முதுகு வலிக்கத்தான் வலிக்கிறது. வலிக்காவிட்டால் அது வேறு யாருடைய முதுகோ என்று சந்தேகம் வந்துவிடும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. முப்பத்தெட்டு வயதில் பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் ஆங்கிலேயர் பழமொழியோடு குடித்தனம் நடத்துகிறாய். அது சோறு ஆக்கிப் போடுமா?

நான் திட்டுவதை அச்சடிக்க அரசாங்கம் காகிதம் செலவழிக்கிறது என்றால் எனக்கென்ன, திட்டுகிறேன். இதுவரை உனக்கு நான் எழுதிய கடிதமெல்லாம் நாய் மேல் எறிந்த இறைச்சிக் கொழுக்கட்டை. (போனது போனதுதான், திரும்பாது. இந்த ஒன்றுக்கு மட்டும் மறுபாதியை நானே சொல்லிவிட்டேன். உனக்கு உறைக்க வேண்டுமே.)

ஊர்ச் செய்தி ஒன்று. உன் அத்தானின் அண்ணன் தாஃபூ நேற்று வந்தார். தம்பி செத்த பிறகு வாசல் மிதிக்காத மனிதர், ஒரு பொட்டலம் நாட்டுச் சர்க்கரையோடு வந்தார். உட்கார்ந்ததிலிருந்து கூரையையே அண்ணாந்து பார்த்தார்.

"மூணு ரூமு. பொம்பளைங்க மூணு பேருக்கு இவ்ளோ எடம் எதுக்கு குய்ஷூ? பெருக்கியே இடுப்பு ஒடிஞ்சிடுமே."

"ஒடியறது என் இடுப்புதானே மூத்தாரே. ஒடிஞ்சா நானே பாத்துக்கறேன்."

அந்த ஓடு ஒவ்வொன்றும் நானும் அத்தானும் சூளையிலிருந்து தோளில் சுமந்து வந்தது. அது அவருக்கும் தெரியும். சர்க்கரையை மெய் நக்கிப் பார்த்தாள். நல்ல சர்க்கரைதான். கோழிக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல மரநாய் வந்த கதை. இதையும் அட்டையில் எழுதிக்கொள்.

வேறு விசேஷம் இல்லை. ஈரக் காற்றில் நிற்காதே.

அக்கா
குய்ஷூ

ஷாங்காய்
24 ஏப்ரல் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். நானும் அப்படியே. குழந்தைகளுக்குப் பால் மிட்டாய் ஒரு பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன். நீயும் சாப்பிட வேண்டும். அப்படியே பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்காதே.

மரநாயும் கோழியும் எங்கள் அலுவலகத்தையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டன! எங்கள் தலைமை ஆசிரியர் ஷாவ் அம்மா எளிதில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. சிறு வயதில் வெள்ளைக்காரப் பாதிரிமார் பள்ளியில் படித்தவர், ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. உன் வரியைப் படித்துவிட்டு மேசையைத் தட்டினார். "இதுக்கு ஈடு இருக்குய்யா! 'நரி பிரசங்கம் பண்ணினா உன் வாத்தைப் பத்திரமா பாத்துக்கோ'ன்னு சொல்லுவாங்க" என்றார். அங்கே நரி, இங்கே மரநாய். அங்கே வாத்து, இங்கே கோழி. கோழியும் வாத்தும் எந்த ஊரிலும் ஏமாளிகள்தான் போலிருக்கிறது. அட்டையில் சிவப்பு மையால் நட்சத்திரம் போட்டார். மூன்று மாதத்தில் அவர் போட்ட ஒன்பதாவது நட்சத்திரம் அது.

"ஒங்க அக்கா எந்தக் காலேஜு?" என்று கேட்டார். நாலாம் வகுப்பு என்றேன். நான் படிக்க வேண்டும் என்பதற்காக நீ நிறுத்திக்கொண்டதையும் சொன்னேன். அவர் அந்த அட்டையை மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு, "இன்னும் கேட்டு வாங்குங்க" என்றார்.

இன்னும் அனுப்பு அக்கா. உன் தம்பிக்கு இங்கே உன்னால்தான் மரியாதை.

வென்போ

ஷிலியாங்
22 மே 1983

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று அறிந்தேன். இங்கே பட்டுப்புழு நான்காம் தூக்கம் தூங்கி, தோலுரித்து எழுந்து, இராப்பகலாக இலை கேட்கிறது. எனக்கு உட்கார நேரமில்லை. மிட்டாய் வந்தது. பூட்டித்தான் வைத்தேன், மெய் பூட்டை உடைத்துவிட்டாள்.

ஷாவ் அம்மாவுக்கு என் வணக்கம். நட்சத்திரத்தை உலையில் போட்டால் கஞ்சி ஆகுமா என்று கேள். சும்மா சொன்னேன். உன்னைப் பற்றி நாலு பேர் நல்லபடியாகப் பேசினால் எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

தாஃபூவின் மகனுக்குப் பெண் பேசி முடித்துவிட்டார்கள். பெண் வீட்டார் மூன்று அறை வீடு கேட்கிறார்களாம். மூன்று அறை வீடு இந்தத் தெருவில் ஒன்றுதான் இருக்கிறது. அறுப்பு முடிந்ததும் பாகப்பிரிவினை எழுதிவிடலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். "ஆம்பளப் பிள்ளை இல்லாத எடத்துல வீடு எதுக்கு? பொண்ணுங்க வாசல்ல கொட்டின தண்ணி. எருமைத் தொழுவத்தை ஒட்டி ஒரு ரூமு இருக்கு, அது போதாதா?" என்று கிணற்றடியில் சொன்னாராம். என்னிடம் நேரில் சொல்லவில்லை. நேரில் 'உடம்பு எப்படி இருக்கு' என்றுதான் கேட்டார்.

நான் என்ன சொல்ல? கசப்பு வேர் தின்ற ஊமை. யாரிடம் போய்ச் சொல்ல? ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் அத்தானின் சியோங் குலம், தாஃபூ அவர்கள் வீட்டுப் பிள்ளை. நானோ ஆற்றைக் கடக்கிற மண் சாமி. எழுத உட்கார்ந்தால் தேநீர்க் கூஜாவில் வேகவைத்த கொழுக்கட்டையாக இருக்கிறது.

இதெல்லாம் உன் அட்டைக்கு ஆகும். இன்னும் ஒன்று, இது பாதி இல்லை, முழுசு: 'வானத்தில் இடிதேவன், தரையில் தாய்மாமன்.' இதற்கு ஆங்கிலேயர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தால் எழுது.

நீ ஒன்றும் கவலைப்படாதே. வேலையைப் பார். வெறும் வயிற்றில் தேநீர் குடிக்காதே.

அக்கா

ஷாங்காய்
18 ஜூன் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். நான் சுகம்.

போன கடிதம் ஒரு தங்கச் சுரங்கம்! ஒரே காகிதத்தில் நாலு. ஊமைக்கு ஈடு கிடைத்தது: 'இளித்துக்கொண்டே பொறுத்துக்கொள்' என்கிறார்கள். ஆனால் எனக்குத் திருப்தி இல்லை. அவர்கள் இளிக்கவாவது சொல்கிறார்கள், நம் ஊமைக்கு அதுவும் கிடையாது. மண் சாமிக்கு அவர்களிடம் ஒன்றுமே இல்லை. சாமியே கரைந்துபோகும் என்ற எண்ணம் அந்த ஊரில் யாருக்கும் வரவில்லை போலும். கூஜாக் கொழுக்கட்டைக்கும் ஈடு இல்லை. நம் மொழி எவ்வளவு பெரியது அக்கா! உன் கடிதங்களைப் படிக்கிறபோதுதான் எனக்கு அது தெரிகிறது.

தாய்மாமன் பழமொழிக்காக ஒரு மதியம் முழுக்க நானும் ஷாவ் அம்மாவும் தேடினோம். ஆங்கிலேயர்கள் மாமனுக்குப் பயப்படுவதே இல்லை! ஷாவ் அம்மா ஷாங்காயிலேயே பிறந்து வளர்ந்தவர் ஆனதால் விளக்கக் குறிப்பு நான்தான் எழுதினேன். உனக்குப் பிடிக்கும், படி: 'கிராமங்களில் பாகப்பிரிவினை நடக்கும்போது, பிள்ளைகளின் தாய்மாமன் வந்து தலைமை இருக்கையில் அமர வேண்டும். அவர் கைநாட்டு இல்லாத பத்திரம் செல்லாது. பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஆண் வந்து நிற்காத பெண்ணின் பேச்சு அங்கே எடுபடாது.' அருமையாக வந்திருக்கிறது என்று ஷாவ் அம்மா சொன்னார்.

தாஃபூ விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாக இரு. ஊர்ப் பெரியவர்கள் நியாயமாகத்தான் செய்வார்கள்.

இன்னும் இருந்தால் அனுப்பு.

வென்போ

ஷிலியாங்
20 ஜூலை 1983

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு. மழை அதிகம். பன்றி ஏழு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை.

உன் குறிப்பை லியான் உரக்கப் படித்தாள். நன்றாக எழுதியிருக்கிறாய்.

பாகப்பிரிவினைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஒன்பதாம் மாதம் பத்தாம் நாள். உன் நாள்காட்டியில் அக்டோபர் பதினைந்து. தாய்மாமன் இருக்கையில் உட்கார அக்கரையிலிருந்து ஒரு பாத்திர வியாபாரியைத் தாஃபூவே பிடித்து வைத்திருக்கிறார். அவருக்கும் நம் குலப்பெயர், டான். அதற்கு மேல் ஒட்டுமில்லை உறவுமில்லை. "ஒன் தம்பி பெரிய வேலையில இருக்கான். அவனை ஏன் தொந்தரவு பண்ணணும்? டான்னா டான்தானே!" என்றார்.

நீ கேட்டாயே என்று இரண்டு: ஒரே கிணற்றில் இறக்கிய பதினைந்து வாளி. முயல் வால்.

அக்கா

ஷாங்காய்
30 ஆகஸ்ட் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீயும் குழந்தைகளும் நலம்தானே? இங்கே வெயிலில் அச்சு மை காய்வதற்குள் அடுத்த தாள் வந்துவிடுகிறது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

முயல் வாலுக்கும் வாளிகளுக்கும் நன்றி. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஈடு இல்லை. புத்தகத்துக்குப் பழமொழி சொன்னவர்கள் பட்டியலில் உன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று ஷாவ் அம்மா சொல்லிவிட்டார். டான் குய்ஷூ, ஷிலியாங் கிராமம். அதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா!

அக்டோபர் பதினைந்தாம் தேதிதான் நான் கடைசி அச்சுப்படியைத் திருத்திக் கொடுக்க வேண்டிய நாள். இல்லாவிட்டால் வந்திருப்பேன். அந்தப் பாத்திர வியாபாரி நல்ல மனிதராக இருப்பார் என்று நம்புவோம்.

ஒன்று சொல்ல மறந்தேன். நேற்று ஒரு அபூர்வ ஜோடி அகப்பட்டது. 'தூரத்து உறவைவிடப் பக்கத்து வீடு மேல்' என்கிறோமே, ஆங்கிலத்தில் அதைவிடத் துல்லியமாக ஒன்று இருக்கிறது: 'தூரத்தில் இருக்கிற சகோதரனைவிடப் பக்கத்தில் இருக்கிற அயலான் மேல்.' எவ்வளவு பொருத்தம் பார்த்தாயா!

உடம்பைக் கவனித்துக்கொள்.

வென்போ

ஷிலியாங்
22 செப்டம்பர் 1983

தம்பி வென்போவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. நாங்கள் நலம். நேற்று நிலா விழா. குழந்தைகள் நிலாப் பலகாரம் சாப்பிட்டார்கள். உன் பங்கை எடுத்து வைக்கவில்லை, அனுப்பினால் வழியில் கெட்டுவிடும்.

மூட்டையில் இனிமேல் பழமொழி ஒன்றும் இல்லை. புத்தகம் நல்லபடி வெளிவர வேண்டும்.

அக்கா

ஷாங்காய்
10 அக்டோபர் 1983

அக்கா,

இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் உன் கைக்கு வரும். ரயில் புறப்பட இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தந்தி அடிக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் உன் ஊர்த் தபால்காரன் எந்தத் தந்தியையும் முதலில் தாஃபூ வீட்டு வாசலில்தான் படித்துக் காட்டுவான்.

உன் போன கடிதத்தில் ஒரு பழமொழிகூட இல்லை. என் வாழ்க்கையில் நீ எனக்கு ஒழுங்காக எழுதிய முதல் கடிதம் அதுதான். மூன்று முறை படித்தேன். எங்கோ உறுத்தியது, எங்கே என்று தெரியவில்லை. வேலைக்குப் போய்விட்டேன்.

இன்று காலையில் அச்சுப்படி சரிபார்த்தோம். எங்கள் வழக்கம் இது: பழமொழி சொன்னவர் வாரியாக அட்டைகளைப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொரு பத்தியாக ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் தாளில் பார்ப்பார். உன் கட்டு வந்தது. முதல் பத்தி முடிந்தது. நடுப் பத்தியை, மறுபாதிகளை மட்டும், நான் படித்தேன்.

போனது திரும்பாது.
நல்ல எண்ணத்தோடு வரவில்லை.
கசப்பு இருக்கிறது, சொல்ல வாய் இல்லை.
தன்னையே காத்துக்கொள்ள முடியாது.
உள்ளே நிறைய இருக்கிறது, வெளியே கொட்ட வரவில்லை.
ஏழு மேலே, எட்டுக் கீழே, நெஞ்சு ஒரு நிலையில் இல்லை.
இனி அதிக நீளம் இல்லை.

ஷாவ் அம்மா தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "இது யாரு எழுதின கடிதம்?" என்றார்.

"கடிதம் இல்லீங்க. என் அக்காவோட அட்டைங்க."

"அட்டையா? யோவ், மறுபடி படிய்யா!"

மறுபடி படிக்கவில்லை, கையிலிருந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் ஒவ்வொன்றின் மறுபாதியையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன் அக்கா. நீ விட்ட இடத்தையெல்லாம் நிரப்பியவன் நான்தான். எழுதினேனே தவிர, ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. நீ கதறினாய், நான் அதற்கு ஆங்கிலம் தேடினேன். பிறந்த வீட்டு ஆண் வந்து நிற்காத பெண்ணின் பேச்சு எடுபடாது என்று குறிப்பு எழுதி, பாராட்டு வாங்கி, அதை உனக்கே அனுப்பியும் வைத்தேன். இதற்கு மேல் ஒரு முட்டாள்தனம் உலகத்தில் உண்டா?

ஷாவ் அம்மா என் கையிலிருந்த அட்டைக் கட்டைப் பிடுங்கிக்கொண்டார். "அச்சுப்படியை நான் திருத்திக்கறேன். நீ இன்னும் ஏன் இங்க நிக்கற?" என்றார். அவ்வளவுதான், ஓடி வந்துவிட்டேன்.

பதினைந்தாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். ரயில், பேருந்து, படகு. எங்காவது ஒன்று தாமதமானால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

வென்போ

ஷிலியாங்
6 நவம்பர் 1983

தம்பி வென்போவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் தபால் அட்டை வந்தது. நிம்மதி. ஆற்றில் நனைந்த காலுக்குச் சளி பிடிக்கவில்லையே? ரயில் நிலையத்திலிருந்து எழுதிய கடிதம் நீ கிளம்பி நாலு நாள் கழித்து வந்தது. லியான் படிக்க ஆரம்பித்தாள். பாதியில் நான் வாங்கிக்கொண்டேன்.

இங்கே இருந்த மூன்று நாளும் நீ கடிதங்களின் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கூரையில் மூன்று ஓடு மாற்றினாய், மெய்க்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாய், போய்விட்டாய். பாகப்பிரிவினை அன்றைக்கு நீ மேசையிலிருந்து பார்த்தாய். நான் அடுப்படி வாசலிலிருந்து பார்த்தேன். அங்கிருந்து எப்படித் தெரிந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

ஒன்பது வகைப் பதார்த்தமும் மேசைக்குப் போய்விட்டது. பாத்திர வியாபாரி தலைமை இருக்கையில் உட்கார்ந்தாயிற்று. அப்போது முழங்கால் வரை சேற்றோடு ஒருவன் முற்றத்தில் வந்து நின்றான். கடன் கேட்க வந்தவன் போலிருக்கிறது என்று நினைத்தேன். 'மாமா!' என்று மெய் கத்திய பிறகுதான் எனக்கு உன் முகம் தெரிந்தது. நாலு வருஷத்தில் இவ்வளவு நரையா உனக்கு?

தாஃபூவின் முகத்தை நீ பார்த்திருக்க முடியாது, அவர் உனக்கு முன்னால் அவ்வளவு குனிந்து நின்றார். "அடடே, பெரிய எடத்து ஆளு! வர்றீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா படகுத்துறைக்கே ஆள் அனுப்பியிருப்பேனே!" பாத்திர வியாபாரி பாவம், தானாகவே எழுந்துகொண்டார். "ஐயா, நான் பாத்திரம் விக்கறவனுங்க. கறிச்சோறு போடறோம், வந்து ஒக்காருன்னாங்க. வந்தேன்" என்றார். அவர் நல்ல மனிதர்தான், நீ சொன்னது போல.

நீ உட்கார்ந்தாய். தாஃபூ பத்திரத்தைப் படித்தார். மூன்று அறையும் அவர் மகனுக்கு, எங்களுக்குத் தொழுவத்து அறை. "என்ன மாமா, சம்மதம்தானே?" என்று கேட்டார். எல்லோரும் உன் வாயைப் பார்த்தார்கள். இரண்டாயிரம் பழமொழி தெரிந்த ஷாங்காய்க்காரன் என்ன சொல்லப்போகிறான் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாய்.

எனக்கு முதலில் புரியவில்லை. தம்பிக்கு நாக்கு எழவில்லை, எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். பிறகுதான் உன் சாப்பாட்டுக் குச்சிகளைப் பார்த்தேன். கிண்ணத்தின் மேல் அப்படியே கிடந்தன. தாய்மாமன் குச்சியை எடுக்காமல் அந்த மேசையில் வேறு யார் எடுப்பது?

"சாப்பிடுங்க மாமா, ஆறிப்போவுது" என்றார் தாஃபூ.

"பசியில்லை."

மொத்தத்தில் அன்று நீ பேசியது அந்த ஒரு வார்த்தைதான். பன்றிக்கறியில் கொழுப்பு வெள்ளையாக உறைய ஆரம்பித்தது. சூப்பின் மேல் ஆடை படிந்தது. பன்னிரண்டு ஆண்கள், காலையிலிருந்து பட்டினி, விருந்து என்று சொல்லி வயிற்றைக் காயப்போட்டு வந்தவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாகத் தாஃபூவைப் பார்த்தார்கள். தாஃபூ இருமினார், வானிலை பேசினார், உனக்குச் சாராயம் ஊற்றினார். நீ தொடவில்லை. அடுப்படியில் பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எனக்குப் பயத்திலும் சிரிப்பு வந்தது.

கடைசியில் சியோங் குலத்திலேயே மூத்தவரான பெரிய தாத்தா தடியைத் தரையில் தட்டினார்.

"தாஃபூ, எனக்கு எழுபத்தொம்போது வயசு. இந்தக் கறியத் தின்னுட்டுச் சாவலாம்னு வந்தேன். திங்காம சாகவிடாத. அந்த ஓட்டைச் சுமந்த தோளு எதுன்னு எனக்குத் தெரியும், ஒனக்கும் தெரியும். பேப்பரை மாத்தி எழுதுடா!"

மாற்றி எழுதினார்கள். மூன்று அறையும் எனக்கும் என் பெண்களுக்கும். நீ இரண்டு தரம் படித்துவிட்டுக் கைநாட்டு வைத்தாய். அந்தக் காகிதம் இப்போது என் தலையணைக்குள் இருக்கிறது. தாஃபூ என்னோடு பேசுவதில்லை. அது எனக்கு ஒரு லாபம்.

நான் ஏன் நேராகக் கேட்கவில்லை என்று நீ உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருப்பாய். சொல்கிறேன். கேட்டால், நீ வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். கேட்காமலே இருந்துவிட்டால், நீ வராதது உன் குற்றம் ஆகாதே. உன்மேல் எனக்குக் குறை இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அது என் தவறு. இனிமேல் எது வேண்டுமானாலும் முழுசாகக் கேட்பேன், தயாராக இரு. ஷாவ் அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். அவர் சாப்பிடுவாரா என்று தெரியவில்லை, ஊறுகாய் ஒரு ஜாடி அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். கைநாட்டு வைத்த பிறகு நீ குச்சியை எடுத்தாய். எல்லோரும் பாய்ந்து எடுத்தார்கள். நீ முதல் துண்டு கறியை எடுத்து உன் வாயில் போடவில்லை. அத்தனை பேர் பார்க்க எழுந்து, அடுப்படி வாசலுக்கு வந்து, என் கிண்ணத்தில் வைத்தாய். இந்த வீட்டுக்கு நான் வந்து இருபத்திரண்டு வருஷம். எல்லோருடைய கிண்ணத்திலும் நான் வைத்திருக்கிறேன். என் கிண்ணத்தில் யாரும் ஒரு துண்டு வைத்ததில்லை. அத்தான் நல்லவர்தான், அவருக்கும் தோன்றியதில்லை. நான் சட்டென்று திரும்பிக்கொண்டேன். புகை என்று நினைத்திருப்பாய். அழுதேன். கறி நன்றாக ஆறிப்போயிருந்தது. அவ்வளவு ருசியாக என் வாழ்நாளில் நான் எதையும் தின்றதில்லை.

அக்கா
குய்ஷூ